பி ஏழு

திரையில் என் இடது தோள் மட்டும் தெரியும்.
மொழிபெயர்ப்பவளுக்கு முகம் வேண்டாம் என்று
கேமராவைத் திருப்பிவைத்தவள் நர்ஸ் மொராக்.
நடுவில் ஃப்ளோரா வபானோ,
பனிக்கோட்டின் ஒரு கை மட்டும் கழற்றியபடி,
மருந்துப் பை தொங்கும் கம்பிக்குப் பக்கத்தில்.

எண்ணூறு கிலோமீட்டர் தெற்கிலிருந்து
டாக்டர் லெஹ்தோ கேட்டார்:
வலி எவ்வளவு, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்?
கிரீ மொழியில் கேட்டேன்.
ஃப்ளோரா தொண்டையைச் செருமினாள்,
செவ்வாயும் வெள்ளியும் ரேடியோவில் செருமுவாளே, அப்படி.
"பி... ஏழு."

மொராக் சிரித்துவிட்டாள். டாக்டர் காத்திருந்தார்.
ஊருக்கே பிங்கோ எண் கூப்பிடுகிறவள் இவள்
என்பதை எந்த வாக்கியத்தில் நுழைப்பது?
ஏழு என்றேன்.
பி-யை நானே வைத்துக்கொண்டேன்.

விலாவுக்குக் கீழே கொஞ்சம் அழுத்துங்கள் என்றார்.
அவர் சொல், மொராக்கின் விரல்,
ஃப்ளோராவின் "ஸ்ஸ்", அதற்கு என் வாய்.
ஒரு தொடுகைக்கு நாலு பேர் வேண்டியிருந்தது.

போன இலையுதிர்காலத்தில் அவளே போனாள், விமானத்தில்.
பத்தொன்பது நாள் ஓட்டல் அறை,
ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம்.
துணைக்கு ஒருவர் வரலாம் என்று தாளில் இருந்தது.
தம்பி லெவிக்கு டிக்கெட் வந்து சேர்ந்தபோது
அக்கா வீட்டில் சூப் குடித்துக்கொண்டிருந்தாள்.

"ரத்தப் பரிசோதனை வந்துவிட்டது" என்றார் டாக்டர்,
வாயைத் திறந்தார்,
அப்படியே நின்றார்.

ஆற்றில் பனி உடையும் வாரம்.
வெளியே அது வெடிப்பது கேட்டது,
உள்ளே திரை உறைந்துகிடந்தது.
நல்ல சேதிக்கும் கெட்ட சேதிக்கும்
முதலில் ஒரே மாதிரிதான் திறக்கிறது வாய்.
மொராக் ஒயரைப் பிடுங்கினாள், செருகினாள்.
பதினொரு நிமிடம்.

ஃப்ளோரா அந்த நின்ற முகத்தோடு பேசத் தொடங்கினாள்:
"உன் பின்னால் ஒரு செடி இருக்கிறது.
நாலு மாதமாகப் பார்க்கிறேன்.
அதற்குத் தண்ணீர் ஊற்று."
பிறகு வேறொன்றும் சொன்னாள், குரலை இறக்கி.
கேட்கவேண்டியவர் அங்கே இல்லாததால்
அதை நான் மொழிபெயர்க்கவில்லை.
இங்கேயும் மாட்டேன்.

படம் அசைந்தது. பாதிச் சொல்லிலிருந்து தொடர்ந்தார்:
நூற்றுப் பத்தாக இருந்தது, இப்போது பத்தொன்பது.
"ஐ பத்தொன்பது" என்று முணுமுணுத்தாள் ஃப்ளோரா.
சந்தோஷமா என்று கேட்கச் சொன்னார்.
"ஒரு எண்ணுக்கு யாரும் கத்துவதில்லை," என்றாள்,
"வரிசை நிறையட்டும்."

செடியைப் பற்றிச் சொன்னேன்.
திரும்பிப் பார்த்தார்,
அது அங்கே இருப்பதே
அப்போதுதான் தெரிந்தவர் போல.

கையில் பிளாஸ்திரியோடு நடந்தே வீட்டுக்குப் போனாள்,
இரண்டு தெரு.
அன்று செவ்வாய்.
ஏழு மணிக்கு ரேடியோ: என் நாற்பத்துநாலு. ஜி ஐம்பத்திரண்டு.
அப்புறம் ஒன்றுமில்லை.
இரைச்சல் மட்டும், நீளமாக.
மற்ற நாளென்றால் ஸ்டேஷனுக்குப் போன் பறக்கும்,
என்ன ஆயிற்று, கெடுத்துவிட்டாயே ஆட்டத்தை என்று.
ஒருவரும் கூப்பிடவில்லை.
அடுப்பில் கெட்டில் கத்த ஆரம்பித்தது,
ஓடிப்போய் அணைத்தேன்.

"ஓ," என்றது குரல், மூச்சு வாங்கி,
"அறுபத்தாறு."

என் அட்டையில் அது இல்லை.