கழற்றிய கதவு

அன்னாசிப்பூ மரம் வழுக்கும் என்று
தெரியாதவளா நான்?
எட்டாம் மாதம், மழை விட்ட மறுநாள்
ஒரு கொத்து எட்டவில்லை.
இன்னும் ஒரு கிளை என்று நினைத்தேன்.
உட்கார்ந்தபடியே வந்து விழுந்தேன்.
சிதறிய பூக்களைப் படுத்தவாக்கில்
கூடையில் பொறுக்கிப் போட்டேனாம்.
நாத்தனார் சொல்கிறாள்.
எனக்கு நினைவில்லை.

மருத்துவமனையில் படம் எடுத்தார்கள்.
அடுக்கிய கிண்ணங்களில் ஒன்று மட்டும்
முன்பக்கம் நசுங்கியிருந்தது.
"நரம்பு தப்பித்தது. சிமெண்ட் செலுத்தலாம்"
என்று ஒரு தொகை சொன்னார் டாக்டர்.
இரண்டு வருட அறுவடை அது.
எங்கள் அடுக்களைக்கே
இன்னும் சிமெண்ட் போடவில்லை.

எங்கள் பேச்சில் எலும்புக்கு டோக் என்று பெயர்.
சொல்லும்போதே ஏதோ ஒடிகிறது.

நோங் தெகுவாங்
பகலில் குவாரி லாரி ஓட்டுகிறவர்,
இரவில் எலும்பு பார்க்கிறவர்.
படத்தை வாங்கி பல்புக்கு நேரே பிடித்தார்.
கால்விரலை அசைக்கச் சொன்னார், அசைத்தேன்.
"அசையாவிட்டால்
வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்பியிருப்பேன்.
வலி போகும். நசுங்கியது நிமிராது.
மெத்தை கூடாது, ஆள்நீளத்துக்குப் பலகை வேண்டும்."
வீட்டில் அப்படி ஒன்றுதான் இருந்தது.
கீலிலிருந்து கழற்றினார்கள்.

ஆட்டுக்கால் போல் மயிரடர்ந்த பெரணிக் கிழங்கு,
சுண்ணாம்புப் பாறையில் பெயர்த்தது.
இஞ்சி. ஏதோ மரப்பட்டை.
பெயர் சொல்ல மறுத்த இரண்டு இலை.
கடைசியாக ஒரு கோழிக்குஞ்சையும்
உயிரோடு சேர்த்து இடிப்பாராம்.
அவர் கைக்குள் அது மஞ்சளாகக் கத்தியது.
வேண்டாமே என்றேன்.
கொஞ்சம் யோசித்து
"சரி, சாராயத்தைக் கூட்டிக்கொள்கிறேன்" என்று
தரையில் விட்டார்.

வாழையிலையில் பரப்பி, சூடாக, முதுகின் கீழ்.
எரிந்தது. எரிய எரிய
வலி எழுந்துபோய்
சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டது.

கதவில்லாத வீட்டுக்குள்
நாய் வந்தது, பனி வந்தது,
ஒருநாள் எருமை தலையை நீட்டி
எல்லாம் பார்த்துவிட்டுப் போனது.
கடனைக் கேட்க வந்தவன்
கதவின்மேல் கிடந்தவளைக் கண்டு
ஆறு முட்டை வைத்துவிட்டுப் போனான்.

என் கணவன் வெய் சாவ்னெங்
நாற்பத்தொரு இரவும்
நிலைப்படிக்குக் குறுக்கே படுத்தான்.
தாழ்ப்பாள் என்று அவன் குறட்டைதான்.
முகம் பார்த்துப் பேசி வருடங்கள் ஆகியிருந்தன.
இருவரும் கூரையைப் பார்த்துக் கிடந்ததால்
பேச முடிந்தது:
பூவின் விலை,
சீட்டாட்டத்தில் அவன் விட்ட பணம்,
அது எவ்வளவு என்பது,
பிறகு, உண்மையில் எவ்வளவு என்பது.

எழுந்து நின்ற அன்று
சுவர்க் கண்ணாடியில் என் வாய் தெரியவில்லை.
ஆணியை இரண்டு விரல் இறக்கி அடித்தான்.
குஞ்சு அதற்குள் பெட்டையாகி
என் காலைக் கொத்தியது.

கதவைத் திரும்ப மாட்டினோம்.
நடுவே கரும்பச்சைக் கறை,
என் இடுப்பின் அகலத்துக்கு.
தேய்த்தும் போகவில்லை.
மழைக்கு முதல்நாள் அது உப்பிக்கொள்ளும்.
நானும்.
அதை அவன் தோளால் இடித்துத் திறப்பான்.
எனக்குச் சாராயம் சுடவைப்பான்,
ஒரு வாய்
தான் குடித்துப் பார்த்துவிட்டு.