டூங்காபி, காலை ஆறேகால்

கார்ச் சக்கரத்துக்கு அரைச் சாண் தள்ளி
வால் வளராத ஒரு மேக்பைக் குஞ்சு.

காப்பக எண்ணில் பேசிய பெண்
என் பெயரைக்கூடக் கேட்கவில்லை.
இறகு முளைத்திருக்கிறதா? தத்துகிறதா?
விரல் மடக்கிக் குச்சியைப் பிடிக்குமா?
எல்லாவற்றுக்கும் 'ம்' என்றேன்.

தண்ணீர் ஊட்டாதீர்கள். பாணும் வேண்டாம்.
பூனை இருந்தால் உள்ளே பூட்டுங்கள்.
பிறகு, தயவுசெய்து,
நீங்கள் அங்கிருந்து போய்விடுங்கள்.

ஐஸ்கிரீம் டப்பாவில் ஓட்டை போட்டு
புல் நிரப்பி ஓடிவந்த தாரகைக்கு
முகம் தொங்கிப்போயிற்று.

யன்னல் திரைக்குப் பின்னால் நாங்கள்.
ஏழு நிமிடம். எட்டு.
மின்கம்பியிலிருந்து இறங்கியது தாய்,
அலகில் ஏதோ நெளிய.

இவ்வளவு நேரமும்
அங்கேதான் இருந்திருக்கிறது,
என் முதுகையே பார்த்தபடி.

வேலைக்குப் பிந்திவிட்டது.
சாவியை ஆணியில் மாட்டிவிட்டு
பஸ்ஸுக்கு நடந்தேன்.