குடத்தனையில் வீதி மூடியிருந்த அன்று

தார் காயவில்லை என்று கொடியசைத்தவன்
கடற்பக்கம் கையைக் காட்டினான்.
"மணற்காட்டால போங்கோ, கொஞ்சம் சுத்துத்தான்."
கொஞ்சம் என்ற சொல்லுக்கு
வடமராட்சி கிழக்கில் மைல் கணக்கில்லை.

நான் காப்புறுதிக்காரன்.
அடிபட்ட வாகனங்களுக்கு விலை எழுதுகிறவன்.
நாகர்கோவிலில் ஒரு ட்ரக்டர்
பனையோடு மோதிப் படுத்திருந்தது.
பக்கத்தில் கந்தோர்ப் பொடியன் துவாரகேஷ்,
மடியில் கோப்பு, வாயில் பாண்.

சவுக்குகள் முடிந்த இடத்தில் பாதையும் முடிந்தது.
பிறகு மணல்.
மேடு மேடாக, கண் கூச,
நேற்றைய காலடியை நம்பாத மணல்.
"ஒட்டகம் ஒண்டுதான் குறை" என்றான்.
சொல்லி வாய் மூடவில்லை,
மேட்டுக்கு அப்பால் மூன்று முதுகுகள்.

ஜீப்புகள்.

முன்னால் ஒரு லாண்ட் றோவர்,
ஒற்றை விளக்கோடு,
அரைநித்திரையில் ஒரு கண் திறந்தது போல.
அடுத்தது வில்லிஸ், அச்சுவரை புதைந்து;
அதன் இருக்கைகளில் வலை காய்ந்தது.
மூன்றாவது ஓஸ்ரின் ஜிப்சியாக இருக்கவேண்டும்,
பெயர் இருந்த இடத்தில் நாலு ஆணித்துளைகள்.
போனட்டுக்குள் அடைகிடந்த கோழி
என்னைக் களவெடுக்க வந்தவனைப் போலப் பார்த்தது.

தொழிற்பழக்கம் பொல்லாதது.
காரை நிறுத்திப் பேனையைத் திறந்தேன்.
ஆண்டு: ஐம்பத்தேழு அல்லது எட்டு.
உடல்: அலுமினியம், நெளிவு அதிகம்.
அடிச்சட்டம்: உப்புத் தின்றது.
பெறுமதி: இல்லை.
அடிக்கோடும் இட்டேன்.

இலக்கத்தகட்டில் பேனை நின்றது.
ஒன்று,
பிறகு ஒரு கறுப்புத் திட்டு,
பிறகு நாலு இலக்கங்கள்.
நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்.
தார்.
யாரோ ஒரே இழுப்பில் பூசியது.
தும்புத்தடி நார் ஒன்று
இன்னும் அதில் ஒட்டிக் கிடந்தது.

"சுரண்டாதேங்கோ."
கையில் ஸ்பனரோடு ஒரு பெண்,
ஆம்பிளைச் சேட்டின் கையை முழங்கைக்கு மடித்து.
பெயர் ஸ்கொலஸ்ரிக்கா என்று பிறகு தெரிந்தது.
"நடுவில எழுத்தொண்டு இருந்தது, அப்பு தார் பூசினவர்.
எழுத்தில்லாமலும் இது ஓடினது."
துவாரகேஷ் என்னைப் பார்த்தான்.
இருபத்திரண்டு வயது.
எனக்கு விளங்கியது.
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

"இப்ப ஓடுமோ?"
"சண்டைக்குள்ள மண்ணெண்ணையில ஓடினது.
சேலைன் குழாயால பெற்றோல் சொட்டுச் சொட்டா விட்டு
வருத்தக்காரரை எழுப்பிற மாதிரித்தான் எழுப்புறது.
இப்ப வள்ளம் இழுக்குது."
"மற்ற ரெண்டும்?"
"அதுகளைத் தின்றுதான் இது இருக்குது."

கொழும்பிலிருந்து ஒருவர் வந்தாராம்,
பழசு சேர்க்கிறவராம், இருபது லட்சம் என்றாராம்.
"பிறகு வள்ளத்தை ஆர் இழுக்கிறது,
அவரோ?"

திரும்பிப் பார்த்தால் எங்கள் கார்
வயிற்றை மணலில் வைத்துப் படுத்திருந்தது.
துவாரகேஷ் தள்ளினான்.
நான் தள்ளினேன்.
சில்லு சுழன்று எங்கள் முகத்தில்தான் துப்பியது.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
வள்ளக் கயிற்றைக் கொண்டுவந்து கட்டினாள்.
முதல் தரம் இருமியது.
இரண்டாம் தரம் அதுகூட இல்லை.
மூன்றாவதில் கரும்புகை,
கோழி பறந்தது,
மணல் மேடே உறுமியது போல ஒரு சத்தம்,
கார் பின்பக்கமாக, வெட்கத்தோடு, வெளியே வந்தது.

"முந்நூறு.
காருக்கும் வள்ளத்துக்கும் ஒரே விலைதான்."
ஆயிரம் ரூபாத் தாள் நீட்டினேன்.
மாற்றக் காசு இல்லை.
மிச்சத்துக்குக் கருவாடு கட்டித் தந்தாள்,
பழைய பேப்பரில், நூல் சுற்றி.

அம்பன் தாண்டும்வரை ஒருவரும் பேசவில்லை.
பிறகு துவாரகேஷ் கேட்டான்:
"அண்ணை, அது என்ன எழுத்து?"

கண்ணாடிகளை இறக்கிவிட்டேன், கார் முழுக்க மணம்.
"ட்ரக்டரைப் பாத்திட்டு வந்து சொல்லுறன்" என்றேன்.
ஸ்டியரிங்கில் என் கை.
நகத்துக்குள் இன்னும் கறுப்பு.