பதினோராம் வரி

திங்கள்
சானல்கரையில் ஒன்பது கிலோமீட்டர்.
தண்ணீர் திறந்து நாலு நாள்தான்;
ஒரு தென்னமட்டை என் வேகத்துக்கே
படித்துறை வரை கூட வந்து
மடையில் சுழன்று நின்றுவிட்டது.
நான் நிற்கவில்லை.
துவைத்துக்கொண்டிருந்தவர்கள் கேட்டார்கள்,
"பஸ்ஸ விட்டுட்டியா பிள்ளே?"
போன திங்களும் அதையேதான் கேட்டார்கள்.

செவ்வாய்
இரவுப் பணி.
ஆண்கள் வார்டுக்கும் மருந்தறைக்கும் இடையில்
பதினோராயிரம் அடி.
அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

புதன்
மழை. ஓடவில்லை.
குலசேகரம் சந்தையருகே வரைபடத்தை
ஐந்து பிரதி எடுத்தேன்.
உயரக்கோடுகளைப் பார்த்த ஷைஜூ
"யாருக்க கைரேகை?" என்றான்.
சில்லறை வாங்கும் அவசரத்தில்
"எனக்க" என்று சொல்லிவிட்டு
வீடுவரை பெருவிரலைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வியாழன்
ப்ளெஸ்லின் பழைய ஆரஞ்சுச் சேலையை
எட்டாகக் கிழித்து
ரப்பர்த் தோட்டத்தில் எட்டு மரத்தில் கட்டிவிட்டு வந்தாள்.
எங்கே என்று சொல்ல மாட்டாள்.
வரைபடத்தில் எட்டு வட்டம், அவ்வளவுதான்.
நான் கோயில் ஏற்றத்தில் ஆறு முறை.
ஆறாவதில் வாந்தி.

வெள்ளி
ஐந்தே கால். நெற்றியில் விளக்கு, விரலில் காம்பஸ்.
முதலாவது ஓடை வளைவில், கிடைத்தது.
இரண்டாவது பாறைக்குப் பின்னால், கிடைத்தது.
மூன்றாவது இல்லை.

ரப்பருக்குள் வழி தவறுவது
காட்டுக்குள் தவறுவதுபோல் அல்ல.
எல்லா வரிசையும் நேராகத்தான் இருக்கிறது.
எல்லா மரமும் ஒரு சிரட்டையை ஏந்தி
வந்த வழியையே
போகும் வழியாகவும் காட்டுகிறது.
முதலில் காம்பஸைச் சந்தேகித்தேன்.
பிறகு நூறு மீட்டருக்கு நாற்பத்திரண்டு
என்ற என் இரட்டையடிக் கணக்கை.
பிறகு ப்ளெஸ்லினை.
அதே பாறையை மூன்றாம் தடவை பார்த்தபோது
என் இடதுகையை.

தூரத்தில் இன்னொரு விளக்கு
மரத்துக்கு மரம் நின்று நின்று வந்தது.
நைட்டிக்கு மேல் ஆண் சட்டை.
பெயர் றோசிலிபாய், என் வயதுதான் இருக்கும்.
சட்டைப்பையிலிருந்து
மடித்த ஆறு துண்டை எடுத்தாள்.

"இதத் தேடியா ஓடுதிய?
மரம் முறிக்கதுக்குக் கெட்டினதாக்கும்ணு நெனச்சு
நான்தான் அவுத்தேன்.
போன வருசம் மேலத்தோட்டத்தில
இதுமாதிரிதான் கயிறு கெட்டினாவ.
பத்தாம் நாள் லாரி வந்து."

விளையாட்டு என்றேன்.
விரித்த வரைபடத்தின் மேல் குனிந்தாள்.
அவள் இடுப்பில் பால்வெட்டுக் கத்தி;
முள் வடக்கை விட்டு அவள் பக்கம் திரும்பியது.
"ஐயோ, நான் கேடாக்கிட்டனா?"
"இல்ல. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, போதும்."

முந்நூற்று எழுபது மரம் அவளுக்கு.
"இதுல எங்க புகைப்புரை எங்க?"
இல்லை. மேலிருந்து படம் எடுத்தவனுக்கு
இலைதான் தெரிந்திருக்கும்.
பென்சிலால் ஒரு கறுப்புச் சதுரம் போட்டேன்.
"இன்னும் கெழக்க."
அழித்துவிட்டுப் போட்டேன்.
மூன்றாவது துண்டு இருந்த மரத்துக்கு
விளக்கை அணைத்துவிட்டே கூட்டிப்போனாள்.
பதினோராம் வரி, கொம்பு முறிந்த மரம்.

சனி
எட்டும் இருந்தன, சிரட்டை உயரத்தில்,
அவள் முடிச்சில்.
ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் நடுவே
மரப்பட்டையில் நீலப் பெயின்டில் எண்கள்.
நாங்கள் போட்டது அல்ல.
நேற்று இருந்ததா, தெரியாது,
நேற்று இவ்வளவு தூரம் வரவில்லை.
நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று.
என் அடிக்கணக்கு அந்த எண்களோடு கலந்து குழம்பியும்
கடிகாரத்தை நிறுத்தவில்லை.
நாற்பத்தெட்டு நிமிடம் பத்து நொடி.
இதுவரை இதுதான் என் சிறந்த நேரம்.
புரையில் புகை இருந்தது.
யாரும் வெளியே வரவில்லை, நானும் கூப்பிடவில்லை.

ஞாயிறு
ஓய்வு.
முழங்காலில் ஐஸ், மடியில் வரைபடம்.
எங்கள் விதிப்படி
ஓடத்தக்க காடு வெள்ளை,
மரமில்லாத வெளி மஞ்சள்.
ப்ளெஸ்லின் கலர்ப் பென்சில் டப்பாவை நீட்டினாள்,
அடுத்த வாரத்துக்குத் திருத்திவிடலாம் என்று.

சதுரத்தை மட்டும் அழுத்தி வரைந்தேன்.
மஞ்சள் பென்சில்
முனை மழுங்காமல் புதிதாக இருக்கிறது.