புலம், பெயர்

ஓல்ட்டனில் மூடுபனி, இது பதினோராம் நாள்.
ஜன்னலுக்கு வெளியே ஆரே ஆறு ஓடுகிறது என்பது
இப்போதைக்கு ஒரு நம்பிக்கை.
மூன்றாம் மாடியில், காப்புறுதி நிறுவனத்தில்,
பழைய தரவுத்தளத்திலிருந்து புதியதற்கு
ஆட்களைக் கடத்திக்கொண்டிருக்கிறேன்.
குறிப்பேட்டில் எனக்காக மட்டும் தமிழில் எழுதுவேன்:
இது புலம். இது பெயர்.
அவசரத்தில் இரண்டையும் சேர்த்து எழுதிவிட்டு
பேனாவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தேன்.

நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு வரிசைகள் திரும்பி வந்தன.
காரணம்: செல்லாத எழுத்து.

பலதும் லேசானவை.
தொலைபேசி எண்ணுக்குள் 'மாலையில் மட்டும்'.
அஞ்சல் குறியீட்டில் பூச்சியத்தின் நாற்காலியில்
ஓ உட்கார்ந்திருக்கிறது.
ஒரு தெருப்பெயரின் வாலில் காணமுடியாத இடைவெளி;
நான் எண்ணினால் ஒன்பது, இயந்திரம் எண்ணினால் பத்து.
அரிசியில் கல் பொறுக்குவதுபோல்தான்,
கல்லும் அரிசி நிறம்.

என் மேலாளர் உர்சினா கேஸரின் பெயரே உடைந்துகிடந்தது.
தலையில் இரு புள்ளி வைத்த அவருடைய எழுத்து
ஏதோ ஓர் ஏற்றுமதியில் அடிபட்டு
இரண்டு அந்நியர்களாக எழுந்து நின்றது.
"ஐயோ, என் புள்ளிகள்!" என்று சிரித்தார்.
பத்து நிமிடத்தில் திருப்பிக் கொடுத்தோம்.
இரு புள்ளிக்கு இங்கே குடியுரிமை உண்டு.

பிறகு வரிசை 2907.
குடும்பப்பெயர் கேட்ட இடத்தில் ஒருவர்
என்ன துணிச்சலோ, தமிழிலேயே நிரப்பியிருக்கிறார்:
கோணேசலிங்கம்.
விதி சொல்கிறது: எழுத்து மட்டும்.
க எழுத்து. சரி. ண எழுத்து. சரி.
கொம்பு எழுத்தல்ல, கால் எழுத்தல்ல, விசிறியும் அல்ல,
ங்-இன் உச்சியில் நிற்கிற ஒற்றைப் புள்ளி
எதுவுமே அல்ல.
சுத்தம் செய்து அது நீட்டிய பெயர்:
கணசலஙகம.

வாய்விட்டு வாசித்தேன்.
பல்செட்டைக் கழற்றிவைத்தவர் யாரோ
தன்னை அறிமுகம் செய்வதுபோல் இருந்தது.
மெய்யிலிருந்து உயிரை உருவ
அரை வரி விதி போதும் போல.
புள்ளி குத்தினால் ஓலை கிழியுமென்று
குத்தாமலே எழுதியவர்களும் உண்டுதான்;
அவர்கள் வாசிக்கும்போது வாயால் வைத்துக்கொண்டார்கள்.

அடைப்புக்குறிகளுக்குள் இன்னொரு வகையைச் சேர்த்தேன்: குறிகளும்.
ஓடவிட்டேன்.
2907 பச்சை.
கோணேசலிங்கத்துக்கு இது தெரியவராது.
அவருக்குத் தெரிவதெல்லாம் பிரீமியம்,
அது தையில் கூடும்.

கடைசியில் 3650.
முதற்பெயர்ப் புலத்தில் வெறும் முற்றுப்புள்ளி.
பிறந்த தேதி, போன செவ்வாய்.
காலியாக விடமுடியாத புலம், யாரோ பொட்டு வைத்து நகர்ந்திருக்கிறார்கள்.
ஆராவுக்குத் தொலைபேசினேன்.
ஓர் ஆண் குரல், பின்னால் சின்ன அழுகை:
"இரண்டு பெயருக்கு நடுவில் நிற்கிறோம்.
மனைவி இப்போதுதான் கண்ணயர்ந்தாள்.
வெள்ளிக்கிழமை சொல்லட்டுமா?"

சரி, வெள்ளி.
செல்லாதவற்றின் பட்டியலில்
அந்தப் புள்ளியைத் தொடாமல் விட்டுவிட்டு
5.38 ரயிலுக்கு இறங்கினேன்.
பனிக்குள் மேடை எண் தெரியவில்லை.
ஏழா, ஒன்றா என்று
பக்கத்தில் நின்றவரைக் கேட்டேன்.
அவருக்கும் தெரியவில்லை.