நாற்பத்தேழாம் பக்கம்

கரண்ட் போன நேரம்
மிசினுக்குள் பாதி, வெளியே பாதியாக
நாற்பத்தேழாம் பக்கம்.
பரமேஸ்வராச் சந்தி முழுக்க இருட்டு.
ஜெறுஷா ஷட்டரை முழங்கால் மட்டும் இறக்கினாள்.

அந்தப் பக்கத்தில்தான்
படகுக்காரி அர்க்கா
வரைபடம் கீறுகிற நாவினியின்
மை பட்ட விரல்களை ஒவ்வொன்றாக முத்தமிடுகிறாள்.
மூலக் கதையில் இது இல்லை.
ஆறு பாகம் எழுதிய ஆள்
ஒரே கூடாரம், ஒரே போர்வை, ஓயாத மழை
எல்லாம் கொடுத்துவிட்டு
கடைசியில் கைகுலுக்க வைத்து அனுப்பிவிட்டார்.
"கைகுலுக்கிறதாம்! கணக்குத் திறக்க வந்தவையோ?"
தனுசியன் மூன்று வருடமாகக் கேட்கிறான்.
அவனுக்கு வங்கியில்தான் வேலை.

ஆகவே மிச்சத்தை நாங்கள் எழுதுகிறோம்.
சண்டை எனக்கு.
கடலும் காற்றும் ஜெறுஷாவுக்கு.
காதல் என்று வந்தால் கம்ஷி.
அவள் எழுதினால்
கொமாவுக்கும் மூச்சு வாங்கும்.

ஃபோன் வெளிச்சத்தைப் பிடித்தபடி
நான்தான் கேட்டேன், பகிடியாக:
"உண்மையைச் சொல்லு, ஆரை நினைச்சு எழுதுறனி?"

கம்ஷி மிசினின் பக்கக் கதவைத் திறந்து
தாளை மெல்ல இழுத்துக்கொண்டிருந்தாள்.
"ஒருத்தரையும் இல்லை."
"விடு கதையை."
"மெய்தான். எனக்கு அப்பிடி ஒருத்தரிலையும் வாறேல்லை.
பொடியங்களிலையும் இல்லை, பெட்டையளிலையும் இல்லை.
இருபத்தாறு வயசாச்சு.
வரும் வரும் எண்டு பாத்தன்,
பஸ் ஓடாத ரோட்டிலை நிக்கிற மாதிரி."
கொஞ்சம் பொறுத்து,
"நிக்கிறது பிரச்சினையில்லை. காத்து நல்லாத்தான் இருக்கு."

நுளம்புத்திரியின் சாம்பல் ஒரு வளையமாக விழுந்தது.
"அப்ப இதெல்லாம்?" என்றேன்,
விரல்களை, மையை,
போன அத்தியாயத்தில் முதுகில் இறங்கிய மழையை நினைத்து.

"நீ மச்சம் தொடமாட்டாய்.
பாசையூர்ச் சந்தையிலை ஏன் ஒரு மணித்தியாலம் நிக்கிறனி?"
"அது... மீனின்ரை நிறம்.
ஏலம் கூறுறவையின்ரை குரல்."
"அதுதான்."

ஜெறுஷா தனக்கு நேரெதிர் என்றாள்.
அர்க்காவையும் பிடிக்குமாம், அவள் எதிரியையும் பிடிக்குமாம்,
இரண்டாம் பாகத்துச் சுங்க அதிகாரியையும்
அவர் மனைவியையும்.
"பாவசங்கீர்த்தனத்திலை சொன்னியோ?"
"ஃபாதருக்கு முதலாம் பாகத்திலையிருந்து விளங்கப்படுத்தவேணும்.
பின்னாலை சனம் காத்து நிக்கும்."

தனுசியன் சிரிக்கவில்லை.
தாள்களை அடுக்கினான். கலைத்தான். திரும்ப அடுக்கினான்.
"அந்தச் சுக்கான் பிடிக்கிற ரெண்டு பேர் இருக்கினம் எல்லே...
ஐம்பதாம் பக்கத்திலை
அவையை ஒரே கட்டிலிலை படுக்க விடலாமோ?
சும்மா. கதைக்குத்தான்."

"கதைக்குத்தான்," என்றாள் கம்ஷி உடனே.
"படுக்க விடுவம்.
ஆர் போர்வையை இழுக்கிறது எண்டு மட்டும் சொல்லு."
அவன் யோசித்தான்.
கணக்குப் பார்க்கிற ஒருவன் யோசிப்பதைவிட
நிறைய நேரம் யோசித்தான்.
"உயரமானவன்."

கரண்ட் வந்தது. மிசின் இருமியது.
ஷட்டருக்குக் கீழே ஒரு சோடி செருப்பு.
"பிள்ளையள், திறந்தோ?
காணி உறுதி, நாலு கொப்பி.
விடிய கச்சேரியிலை குடுக்கவேணும்."
சூட்டோடு சூடாக அடித்து, தட்டி,
ஸ்டேப்ளர் குத்திக் கொடுத்தோம்.

பிறகு எங்களுடையதை எண்ணினால்
நாற்பத்தாறு.
நாற்பத்தெட்டு.

ஜெறுஷா ரோட்டுக்கு ஓடினாள்.
லைற் இல்லாத சைக்கிள், எந்தப் பக்கம் என்று யாருக்குத் தெரியும்.

கிழக்கெல்லை ஒழுங்கை,
வடக்கெல்லை பிறர் காணி,
அந்தத் தாளுக்கும் அடுத்த தாளுக்கும் நடுவில்
ஒரு கம்பி குத்தப்பட்டு
அர்க்கா போய்க்கொண்டிருக்கிறாள்.
சுண்டுவிரல் இன்னும் மிச்சம்.

நாங்கள் மூவரும் கம்ஷியைப் பார்த்தோம்.
அவள் கையெல்லாம் கறுப்பு.
"திரும்ப எழுதலாம்," என்றாள்,
"அதிலை ஒண்டும் இல்லை.
கச்சேரியிலை ஆரும் முத்திரை குத்தினால் மட்டும் சொல்லுங்கோ."