நான்கு மணிக்கு என்ன நிறம்

அணிலைப் பார்க்கலாம் என்று யாராவது வந்திருந்தால்
மன்னித்துவிடுங்கள் என்றாள் பிர்யே.
பறக்கும் அணில் பகலில் தூங்கும்.
அவள் எஸ்தோனிய மொழியில் சொன்னதை
நான் ரஷ்ய மொழியில் சொல்லி முடிப்பதற்குள்
நார்வாவிலிருந்து பேருந்தில் வந்த பதினோரு பேரும்
அண்ணாந்துவிட்டார்கள்.

கீழே பாருங்கள். கீழே.

ஏப்ரல். அலுதாகுசே காட்டில்
ஸ்ப்ரூஸ் நிழல்களில் மட்டும் பனி
துவைக்காத விரிப்பாய்க் கிடக்கிறது.
மற்ற இடமெல்லாம் நசநசவென்று நீர்.
ஆஸ்பென் மரங்களடியில் மண்டியிட்டோம்,
முதலில் ஒரு முழங்கால்,
ஈரம் ஏறியதும் கௌரவம் போய்
இரண்டாவதும்.

அரை வாக்கியம் பின்னால் நடப்பது என் பிழைப்பு.
அவள் பொந்துக்குப் போய்ச் சேர்ந்தபோது
நான் இன்னும் மரங்கொத்தியில் நின்றேன்.
கறுப்பு மரங்கொத்தி குடைந்து, குஞ்சு பொரித்து,
விட்டுப்போன வீட்டில்தான் அணில் குடியேறும்.
மரம் கிழடாகி உள்ளே நைந்தால்தான்
அலகு சுலபமாய் இறங்கும்.
ஆக, ஓர் அணிலுக்கு வேண்டியது
சீக்காளி மரம் ஒன்று,
ஓரிடத்தில் தரிக்காத பறவை ஒன்று.
சீக்காளிக்கு நான் எடுத்த சொல்லில்
ஆஸ்பத்திரி வாடை அடித்தது.
மருந்துக்கடை ல்யுபோவ் சிரித்துவிட்டாள்.

முதலில் கண்டவர் உர்மாஸ்.
மரம் வெட்டும் எந்திரத்தைப் பத்தொன்பது ஆண்டுகளாய் ஓட்டுபவர்.
பெயர் கொடுத்திருந்த மனைவிக்குப் பல்வலி;
கட்டிய பணம் வீணாக வேண்டாமென்று வந்தவர்.
பேசாமல் கையுறையைக் கழற்றிக் காட்டினார்:
வேரின் மடிப்பில், பாசிமேல்,
மஞ்சளில் புரட்டிய நொய்யரிசி.

ல்யுபோவ் மாத்திரை எண்ணும் விரலால்
தொடாமல் எண்ணினாள். இருபத்து மூன்று.

இனி இந்த மரத்தை யாரும் தொட முடியாது என்றாள் பிர்யே
சிவப்பு நாடாவைச் சுற்றிக்கொண்டே.
இதைச் சுற்றியுள்ளவற்றையும்தான்.
ஒரு சிட்டிகை எச்சத்துக்கு ஒரு துண்டுக் காடு.
யாரோ கை தட்டினார்கள்.
உர்மாஸ் தட்டவில்லை.

மாலையில் பள்ளிக்கூடத்தில் உரை.
புரொஜெக்டர் மூன்று முறை அணைந்தது.
குட்டி எத்தனை போடும்?
கடிக்குமா?
ரஷ்யப் பக்கத்து அணில் எல்லை தாண்டி வருமா?
(அந்தச் சிரிப்பை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.)

பிறகு உர்மாஸ் எழுந்தார்.
எனக்கு ஷிஃப்ட் விடிகாலை நான்கு மணிக்கு என்றார்.
பிப்ரவரியில் அது நடு இருட்டு,
எந்திரத்தின் விளக்கில்தான் வேலை.
நான்கு மணிக்கு
இது என்ன நிறம்?

சின்னக் கேள்விதான்.
அதற்குள் ஒரு பிப்ரவரி இருந்தது.
ஒருவேளை ஒரு மரமும்.
அதை எங்கே வைப்பதென்று தெரியாமல்
சொல்லுக்குச் சொல் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

பிர்யே கையில் இன்னும் பன்னிரண்டு படங்கள் பாக்கி.
எதிலும் பதில் இல்லை.
தெரியாது என்றாள்.
நான் பகலில்தான் தேடியிருக்கிறேன்.
கோட்டை எடுத்து மாட்டினாள்.

ஐந்து பேர் போனோம், உர்மாஸின் வண்டியில்.
அதன் விளக்கை மரத்தின்மேல் திருப்பினார்.
எல்லாமே மஞ்சள்.
பாசி மஞ்சள், சருகு மஞ்சள், மிச்சப் பனி மஞ்சள்,
ல்யுபோவின் நரைத்த புருவம் மஞ்சள்.
இடம் தெரிந்தும் பத்து நிமிடம் தேடினோம்.
அகப்படவில்லை.
பிர்யே நோட்டில் எதையோ எழுதி, அடித்து,
மறுபடி எழுதினாள்.

உர்மாஸ் போய் விளக்கை அணைத்தார்.
திரும்பி வந்து குந்தி
வெறும் விரலால் வேரின் மடிப்பைத் தடவினார்,
எந்திரத்தில் கசிவு தேடுகிறவர் போல.
இருக்கு என்றார்.

நான் வாயெடுத்தேன்.
ல்யுபோவ் என் கையைப் பிடித்து வேண்டாம் என்றாள்.

மேலே ஒரு கிளை அசைந்தது. காற்று இல்லை.
அவர் நிமிரவில்லை,
பதினேழு வரை வந்திருந்தார்.